படகில் குடியிருப்போருக்குக் கரை மின்சாரமும் இன்வெர்ட்டரும்

லங்காவி, போர்ட்டிக்சன், ஜொகூர், சிங்கப்பூர் மரினாக்களில் கட்டி நிற்கும் பாய்மரப் படகுகளில் சில, அவற்றின் உரிமையாளர்களுக்கு வீடாகவும் இருக்கின்றன. சமையல், உறக்கம் எல்லாம் படகிலேயே. இத்தகைய படகுக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் வருகிறது. துறையில் நிற்கும்போது கரையில் உள்ள மின்பெட்டியிலிருந்து கேபிள் வழியாக வருவது கரை மின்சாரம். நங்கூரமிட்டிருக்கும்போதும் பயணத்தின்போதும் பேட்டரியின் 12 அல்லது 24 வோல்ட் டி.சி. மின்சாரத்தை 230 வோல்ட் ஏ.சி. மின்சாரமாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர்.

இவ்விரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வயரில் பாயக் கூடாது. இரண்டின் மின் அலைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மோதினால் பெரும்பாலும் முதலில் கருகுவது இன்வெர்ட்டர்தான். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. இன்வெர்ட்டர் கரைக் கேபிளுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால், கரைப்பெட்டியிலிருந்து பிடுங்கிய பிளக்கின் பின்களில் 230 வோல்ட் இருக்கும். பிடுங்கியவர் ஈரமான பலகையில் வெறுங்காலுடன் நின்றிருந்தால் உயிரே போகலாம்.

இதற்காகவே 1-0-2 மாற்று சுவிட்ச் பொருத்தப்படுகிறது. வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அறிந்த சுவிட்ச்தான் இது. லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டித்த பிறகே மறுபக்கம் இணைக்கும். சார்ஜரும் இன்வெர்ட்டரும் ஒன்றாக அமைந்த கருவிகளில் இவ்வேலையை உள்ளிருக்கும் ரிலே தானாகவே செய்துவிடும்.

பலரும் கவனிக்கத் தவறுவது நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடத்தை. கரை மின்சாரத்தில் அவை கரையில் சேர்கின்றன. படகில் சேரக் கூடாது. இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இன்வெர்ட்டரிலேயே சேர வேண்டும். அப்போதுதான் மின்கசிவு ஏற்பட்டால் ஆர்.சி.சி.பி. விழும். கடையில் விற்கும் மலிவான கையடக்க இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. அவற்றைப் படகின் வயரிங்கோடு இணைப்பது தவறு. மடிக்கணினி, மின்விசிறி போன்றவற்றை நேரடியாகச் செருகிப் பயன்படுத்த மட்டுமே அவை சரி.

பேட்டரி சார்ஜரைக் கரை மின்சாரத்தின் பக்கமே இணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கம் இணைத்தால் பேட்டரி தன்னைத் தானே சார்ஜ் செய்ய முயன்று, ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரத்தை வெப்பமாக இழந்து, கடைசியில் காலியாகிவிடும். நீர் சூடேற்றியும் குளிரூட்டியும் கரைப் பக்கம் இருப்பதே நல்லது. கணக்கு எளிது: 2,000 வாட் கெட்டல் ஒன்று 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த அளவு மின்சாரத்துக்குத் தடித்த, நீளம் குறைந்த கேபிளும் பேட்டரிக்கு அருகில் ஃபியூஸும் அவசியம். 500 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 23 ஆம்பியர்-மணி எடுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டுமே செலவிடுவது வழக்கம் என்பதால், இரண்டு வேளைச் சோற்றிலேயே அது தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் கட்டிய படகுகளின் நிலை தனி. அவற்றின் கருவிகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்குள்ள கரை மின்சாரமோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரடியாக இணைத்தால் கருவிகள் எரிந்துவிடும். எந்த வோல்டேஜையும் ஏற்கும் சார்ஜருக்கு மட்டும் கரை மின்சாரத்தைக் கொடுத்து, 120 வோல்ட் கருவிகள் அனைத்தையும் எப்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே ஓட்டுவது இதற்குப் பலர் கண்டிருக்கும் வழி. இரண்டு மின்சாரமும் சந்திக்கவே வாய்ப்பில்லாத ஏற்பாடு இது. உள்ளூர்ப் படகுக்கும் ஏற்றதே.

வேலையை ஒப்படைக்கும்போது, வீட்டு வயரிங்கில் கைதேர்ந்தவராக இருந்தாலும் படகு வயரிங் தெரிந்தவரா என்று கேட்டுக்கொள்வது அவசியம். வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். ஆனால் நியூட்ரல், எர்த் இணைப்பு சரியா என்பதை அந்தப் பொத்தான் காட்டாது. அதைக் கரை மின்சாரத்தில் ஒருமுறை, இன்வெர்ட்டரில் ஒருமுறை எனத் தனித்தனியே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.