நல்லூர் வீழ்ந்த பின் எழுந்த கிளர்ச்சி

அரசன் சிறைப்பட்டதும் நாட்டின் வரலாறும் முடிந்துவிட்டதென்று எண்ணுவது நம்மிற் பலரது வழக்கம். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேராவிடம் அகப்பட்டான். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623இல் மரண தண்டனை அடைந்தான். பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற சரித்திரம் அநேகமாக இவ்விடத்தில் நின்றுவிடும். ஆயினும் அரசன் போன பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை.

அவ்வெதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் சின்ன மிகப்பிள்ளை ஆராச்சி என்பவர். அவர் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். ஆள்வோரின் சமயத்தைத் தழுவியிருந்தும் அவர்தம் ஆட்சியை ஏற்க அவர் உடன்படவில்லை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கனிடம் படையுதவி நாடினார். 1620இல் நல்லூரில் இருந்த ஒலிவேராவின் படை தாக்கப்பட்டது. தஞ்சைப் படைகளும் கடல் கடந்து வந்து போரிட்டன.

வீரம் இருந்தும் வெற்றி ஏன் கிட்டவில்லை? கடல் பகைவர் கையில் இருந்தது. மன்னார் 1560 முதலே அவர்கள் வசம். எதிர்க்கரையில் நாகபட்டினத்திலும் அவர்கள் காலூன்றியிருந்தனர். கொழும்பிலிருந்து அவர்களுக்குத் துணைப்படை வந்தது. 1621இல் தஞ்சைப் படை முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆட்சிப்பீடமும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் தூரத்து ஜோர்ஜியாவிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. பாரசீக மன்னன் ஷா அப்பாஸின் சேவையிலிருந்த கியோர்கி சாக்காட்சே என்னும் தளபதி, 1625இல் மார்ட்கோப்பியில் பாரசீகப் படையையே தாக்கி அழித்தான். சில மாதங்களின் பின் மராப்தாவில் ஜோர்ஜியர் தோற்றனர். அந்நியனிடம் ஊழியம் செய்தவன் எல்லாம் அந்நியனுக்கு அடிமையல்லன் என்பதற்கு இருவரும் சான்று.

சுன்னாகத்திலிருந்து ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாவுக்குச் செல்லும் நாம், 1734இல் மீண்டும் எழுந்த கோயிலை வணங்குகிறோம். பழைய கோயில் இடிக்கப்பட்ட கதையையும் சொல்லிக்கொள்கிறோம். இடித்தவரின் சமயத்தை நினைவில் வைத்திருக்கும் நாம், அவரை எதிர்த்து நின்றவரும் அதே சமயத்தவர் என்பதை மறப்பது நியாயமாகுமா? அந்நியக் கொடுமையை வெறுப்பது வேறு. அயலவரின் சமயத்தை வெறுப்பது வேறு. இவ்வேற்றுமையை உணர்ந்த வாலிபரே நாட்டுக்கு உதவுவர். மிகப்பிள்ளை ஆராச்சியின் பெயரைச் சங்கிலியின் பெயரோடு சேர்த்துச் சொல்ல நாம் இனியேனும் பழகுவோமாக.