முதுமை நலிவு (பெருந்தொற்றுக் காலத்தில்)

முதுமை நலிவு என்பது வயதைக் குறிப்பதல்ல. சிறு காய்ச்சலிலிருந்துகூட எளிதில் மீள முடியாதபடி உடலின் தாங்குதிறன் வற்றிப்போன நிலை. காரணமின்றி எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடி தளர்தல், நடை மந்தமாதல், நடமாட்டம் சுருங்குதல் ஆகிய ஐந்தில் மூன்று தென்பட்டால் நலிவு என 2001இல் லிண்டா ஃபிரைட் குழுவினர் வரையறுத்தனர்.

கோவிட்-19 ஊரடங்கு முதியோரைத் தொற்றிலிருந்து காக்க உதவியது. ஆனால் தினசரி நடை நின்றதால் பலருக்குத் தொடைத் தசை கரைந்தது. நாற்காலியின் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

2020 மார்ச்சில் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, தீவிர சிகிச்சை முடிவுகளுக்கு 9 படி கொண்ட நலிவு அளவுகோலைப் பரிந்துரைத்தது. பிறர் உதவியோடு வாழும் மாற்றுத்திறனாளிகளையும் அது நலிந்தோராகக் காட்டிவிடும் என்ற நியாயமான எதிர்ப்பு எழுந்தது. நிலையான உடற்குறை, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இளையோருக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது எனச் சில நாள்களிலேயே திருத்தம் வந்தது.