அடைபட்ட உள்வாசல்கள்: சேத்தூர் வட்டாரப் பழைய வீடுகளும் பாகப்பிரிவினை வரலாறும்

தமிழர் வீடமைப்பைக் குறித்த எழுத்துகளில் தலைவாசல் நிலைக்குக் கிடைக்கும் கவனம் உள்வாசல்களுக்குக் கிடைப்பதில்லை. நெடுநல்வாடை விரித்துரைப்பதும் அரண்மனை வாயிலையே: வெண்சிறுகடுகு அப்பிய நிலை, இரும்பு பொருத்தி அரக்குப் பூசிய இரட்டைக் கதவு. இன்றும் மஞ்சளும் குங்குமமும் பெறுவது தலைவாசற்படிதான். ஆயினும் குடும்ப வரலாற்றுக்கு அறைகளுக்கிடையேயான எளிய நிலைகளே வலுவான சான்று என்பது இக்கட்டுரையின் கருத்து.

இராசபாளையத்திற்குத் தெற்கே மலையடிவாரத்தில் அமைந்த சேத்தூர், பாளையப்பட்டாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய ஊர். 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் இருப்பினும் அதன் வீட்டமைப்பு நெல்லைச் சீமைக்குரியது. திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீள்வதே இவ்வமைப்பு.

மட்டப்பா வீடுகளில் பட்டாசலுக்கும் இரண்டாங்கட்டுக்கும் இடைப்பட்ட சுவரின்மீது இருபுறத்துக் கட்டைகளும் வந்து அமர்வதுண்டு. எனவே அச்சுவரில் திறக்கும் வாசலின் மேல்மரம் வெளிவாசலின் மரத்தைவிட மிகுதியான சுமையைத் தாங்க நேரும். பரவலான சுமையில் மரத்தை வளைக்கும் திறன் அகலத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்கிறது, 3.5 அடி வாசலை 2.5 அடியாகக் குறைத்தால் அது ஏறத்தாழப் பாதியாகும். மேலும், வாசல் அகலத்தை அடிப்பக்கமாகக் கொண்ட சமபக்க முக்கோண அளவுச் சுவரே மரத்தின்மேல் பெரிதும் அழுந்தும். அதற்கு மேலுள்ள சுமை இருபுறமும் பிரிந்திறங்கும். 2.5 அடி வாசலுக்கு அம்முக்கோணத்தின் உயரம் சுமார் 2.2 அடி. உள்வாசல்கள் குறுகியும் தாழ்ந்தும் இருப்பதற்குப் பணிவைக் காரணம் காட்டுவது வழக்கம். அவ்விளக்கத்தை ஒதுக்க வேண்டியதில்லை. கொத்தனாரின் கணக்கையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும்.

இக்கணக்கே சான்றையும் காக்கிறது. உடன்பிறந்தார் வீட்டைப் பிரித்துக்கொள்ளும்போது இடைவாசலை அடைக்கின்றனர். சுமை தாங்கும் மேல்மரத்தைப் பிடுங்கினால் மேற்சுவர் சரியும். ஆகவே கதவை மட்டும் கழற்றி, நிலைக்குள் செங்கல் வைத்துப் பூசிவிடுவதே எளிது. மரமும் செங்கல்லும் ஈரத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. நாளடைவில் பூச்சு வெடித்து, மறைந்த நிலையின் உருவம் சுவரில் கோடாகத் தெரியும். புதுவாசல் வெட்டுவதோ கடினம்: மேற்சுமைக்கு முட்டுக் கொடுத்துச் சுவரை உடைத்துக் கான்கிரீட் லிண்டல் செருக வேண்டும். பழைய மரமும் புதிய கான்கிரீட்டும் ஒரே சுவரில் இருந்தால் எது முந்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாஸ்து கருதியோ அலமாரிக்கு இடம் வேண்டியோ அடைத்த வாசல்களும் உண்டு. கோடு ஒன்றையே கொண்டு பாகப்பிரிவினை என முடிவு கட்டுவது பிழை.

இச்சான்றில் பெரியதொரு வெற்றிடமும் உள்ளது. பாகம் பிரிக்கலாகாத ஜமீன்களுக்கெனச் சென்னை மாகாணத்தில் 1904இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஏனையோர் வீடுகள் ஆண்மக்களிடையே பிரிந்தன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு தந்தது. எனினும் அதன் 23ஆம் பிரிவு, குடும்பத்தார் முழுவதும் குடியிருக்கும் வீட்டில் ஆண்வாரிசுகள் தத்தம் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண்வாரிசு பிரிவினை கோர இயலாது என்றது. தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் மகளைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளியாக்கியது. அப்போது மணமாகியிருந்தோர்க்கு அது பொருந்தவில்லை. 23ஆம் பிரிவு நீங்கியது 2005இல்தான்.

ஆக, 2005க்கு முற்பட்ட அடைப்புகளும் திறப்புகளும் பெரும்பாலும் சகோதரர்களின் பிரிவையே பதிந்துள்ளன எனக் கொள்ளலாம். மகளின் பங்கு சுவரில் தடம் பதிக்காமல், சார்பதிவகத்தில் அவள் ஒப்பமிட்ட விடுதலைப் பத்திரத்தோடு முடிந்திருக்கக்கூடும். வீட்டை அளந்து வரைபடம் எழுதும் ஆய்வாளர் அப்பத்திரங்களையும் உடன்வைத்துப் படித்தால், எந்த அறைக்கு உரியவள் எந்த ஆண்டில் வெளியேறினாள் என்பதை அடைத்த நிலைகளோடு பொருத்திப் பார்க்க இயலும்.