நிமோகாக்கஸ் நிமோனியாவும் தங்கச் சுரங்கங்களும்

நிமோகாக்கஸ் நிமோனியா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே என்னும் பாக்டீரியாவால் வரும் கடுமையான நுரையீரல் தொற்று. பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றித் தங்கியிருக்கும் இக்கிருமி, குழந்தைகள், முதியோர், சர்க்கரை நோயாளிகள், மண்ணீரல் நீக்கப்பட்டோர், தூசியால் நுரையீரல் கெட்டோர் ஆகியோரின் இரத்தத்திலும் மூளையுறையிலும் புகுந்து உயிரைப் பறிக்கக்கூடும்.

வரலாறு: 1881இல் லூயி பாஸ்டரும் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே இக்கிருமியைக் கண்டறிந்தனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் நெரிசலான விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட தொழிலாளர்கள் நிமோனியாவால் மடிந்தபோது, 1911இல் ஆல்ம்ராத் ரைட் அங்கே தடுப்பூசியைச் சோதித்தார். தெளிவான பலன் கிட்டவில்லை. கிருமியில் பல வகைகள் உண்டு என்று ஸ்பென்சர் லிஸ்டர் பிரித்துக் காட்டினார். பென்சிலின் வந்ததும் தடுப்பூசி மறக்கப்பட்டது. ஆனால் கிருமி இரத்தத்தில் கலந்தவர்களில், முதல் ஐந்து நாட்களுக்குள் இறப்போரைப் பென்சிலினாலும் காக்க முடிவதில்லை என்று 1964இல் ராபர்ட் ஆஸ்ட்ரியனும் ஜெரோம் கோல்டும் எழுதினர். ஆஸ்ட்ரியன் மீண்டும் அதே நாட்டுச் சுரங்கங்களில் சோதித்து வெற்றி கண்ட தடுப்பூசி, 1977இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றது.

கோலார் தங்கவயல்: மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் சுரங்கங்களில் பெரும்பாலும் வட ஆர்க்காட்டுத் தமிழர்களே உழைத்தனர். பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசி, நுரையீரலில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் செல்களையே கொன்றுவிடும். 1940களில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு, இத்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இருந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. கெட்ட நுரையீரல் மட்டும் அவர்களுடனேயே தங்கிவிட்டது.

அறிகுறியும் சிகிச்சையும்: திடீர்க் குளிர்காய்ச்சல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, துருநிறச் சளி ஆகியவை முக்கிய அடையாளங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் மனக்குழப்பம் மட்டும் தோன்றலாம். நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்கு இந்த எல்லை 40. மருத்துவமனையில் இரத்தத்தைக் கல்ச்சர் சோதனைக்கு எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் பென்சிலின் வகை மருந்தோ செஃப்ட்ரியாக்சோனோ தொடங்குவார்கள். தேவைக்கேற்ப ஆக்சிஜனும் தருவார்கள்.

இந்தியாவில்: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உட்பட ஆறு மருத்துவமனைகள் சேர்ந்து இக்கிருமியின் தொற்றுகள் குறித்து நடத்திய கண்காணிப்பு ஆய்வு 1999இல் வெளியானது. 2017இல் சில மாநிலங்களில் தொடங்கிய குழந்தைகளுக்கான இலவச நிமோகாக்கஸ் தடுப்பூசித் திட்டம், 2021இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. பெரியவர்களுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் உடலில் சோதித்து உருவான தடுப்பூசியைத் தங்கவயலின் முதிய தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் போடுவதே நியாயம்.