தண்டவாளத்துக்கு ஒரு பூட்டு

ரயில், மின்சாரம் என்று சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் மின்சார எஞ்சின்தான் ஞாபகம் வரும். ஆனால் வண்டியை இழுக்க வருவதற்கு வெகு காலம் முன்பே மின்சாரம் ரயில்வேக்குள் நுழைந்துவிட்டது, தந்தியாக. இங்கிலாந்தில் 1844-ல் திறந்த நார்விச் - யார்மவுத் ஒற்றைப் பாதை, தந்தியை நம்பியே வண்டிகளை விட்ட ஆரம்பகாலப் பாதைகளில் ஒன்று.

விதியைப் பாருங்கள், அதே பாதையில்தான் 1874 செப்டம்பர் 10-ம் தேதி இரவு, தார்ப் என்ற இடத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தார்கள். லண்டன் எக்ஸ்பிரஸ் லேட். எதிரே வரும் மெயிலை முதலில் அனுப்பச் சொல்லி நார்விச் அதிகாரி தந்தி எழுதச் சொல்கிறார். அவர் கையெழுத்துப் போடாமல் தந்தி போகக்கூடாது என்பது விதி. கிளார்க் அனுப்பிவிட்டார். இதற்குள் எக்ஸ்பிரஸும் கிளம்பிவிட்டது. பதறிப்போய் மெயிலை நிறுத்தச் சொல்லி அடுத்த தந்தி. வந்த பதில், மெயில் புறப்பட்டுவிட்டது! இரண்டாவது தண்டவாளம் போட்டாகிவிட்டது, அரசு ஆய்வுக்காகத் திறக்காமல் கிடந்தது என்பது இன்னும் வயிற்றெரிச்சல்.

அதாவது தந்தி வெறும் பேச்சு. பேசியதைச் செய்ய யாரையும் அது கட்டாயப்படுத்தாது.

இந்த ஓட்டையை அடைத்தவர் எட்வர்ட் டையர். 1878-ல் அவர் காப்புரிமை வாங்கிய கருவியின் பெயர் டேப்லெட். (மாத்திரை இல்லீங்க, உலோக வில்லை.) பாதையின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பெட்டி, உள்ளே அடுக்காக வில்லைகள், நடுவே மின்கம்பி. எதிர் முனைக்காரர் மின்சாரம் அனுப்பிச் சம்மதித்தால்தான் ஒரு வில்லை வெளியே வரும். வந்த நொடியில் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்த வில்லையை ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடும்வரை இன்னொன்றை எடுக்கவே முடியாது. கையில் வில்லை இல்லாத டிரைவர் வண்டியை எடுக்கக்கூடாது.

பி.காம். படிக்கிற எனக்கு இது பேங்க் லாக்கர் மாதிரி தெரிகிறது. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இதற்கு முன்பும் ஒற்றைக் கோலை டிரைவரிடம் கொடுக்கும் முறை இருந்தது. ஆனால் ஒரே திசையில் அடுத்தடுத்து இரண்டு வண்டி போக வேண்டுமென்றால் கோல் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். டையரின் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டு ரயில்வேயில் வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டப்பட்ட நீல் பந்து டோக்கனும் இதே வம்சம்தான்.

அப்படியும் மனுஷன் விடுவானா? 1921 ஜனவரி 26, வேல்ஸில் ஆபர்மியூல் ஸ்டேஷன். வந்து நின்ற வண்டியின் வில்லையை வாங்கியவர்கள் பெட்டியில் போடவில்லை. கை மாறி கை மாறி, அடுத்த பகுதிக்கான வில்லை என்ற நினைப்பில் அதே டிரைவரிடம் அதே வில்லை திரும்பிப் போனது. அதில் எந்தெந்த ஸ்டேஷனுக்கு என்று பெயர் பொறித்திருக்கும், அவரும் படிக்கவில்லை. எதிரே எக்ஸ்பிரஸ், சரியான வில்லையோடு வந்துகொண்டிருந்தது. 17 பேர் பலி. அதில் ஒருவர் அந்த ரயில்வே கம்பெனியின் இயக்குநர்.