வீட்டை இழந்தவர்களின் வசனம்: இஸ்லாம் கூறும் யுத்த ஒழுக்கம்

கற்பிட்டித் தீபகற்பத்தில் நான் கற்பிக்கும் பாடசாலையில் ஒருநாள், தரம் 10 இஸ்லாம் பாடத்தின்போது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “ஸேர், எங்கட உம்மும்மாவ ஊர விட்டு விரட்டினவங்கள வெறுத்தா பாவமா?”

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார் மக்கள் பலர் படகேறி வந்து இறங்கியது எமது கரையில்தான்.

ஸூரா அல்ஹஜ்ஜின் 39, 40ஆம் வசனங்களை அவளுக்குக் காட்டினேன். மக்காவில் 13 ஆண்டுகள் பொறுமை காத்த முஸ்லிம்களுக்குப் போர் புரிய முதலில் அனுமதி தந்தவை இவையே என்பது முபஸ்ஸிர்கள் பலரது கருத்து. அந்த அனுமதிக்குக் காரணம், அவர்கள் அநியாயமாக வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டமை. அதே வசனம் பாதுகாக்கப்பட வேண்டியவையாகப் பள்ளிவாசலை மட்டும் கூறவில்லை. மடாலயம், தேவாலயம், யூத ஆலயம் ஆகியவற்றையும் சேர்த்தே கூறுகிறது.

அனுமதிக்கு எல்லையும் உண்டு. போரிடுவோருடன் மட்டுமே போரிட வேண்டும், வரம்பு மீறக் கூடாது என்கிறது அல்பகராவின் 190ஆம் வசனம். போர்க்களத்தில் பெண்ணொருத்தி கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பெண்களையும் சிறுவர்களையும் கொல்வதைத் தடுத்தார்கள். ஷாமுக்குப் படை அனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரழி), முதியோரைக் கொல்ல வேண்டாம், துறவிகளை அவர்கள் பாட்டில் விட்டுவிடுங்கள், கனி தரும் மரங்களை வெட்ட வேண்டாம் என உபதேசித்தார்கள். எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நாமும் சாய வேண்டும் என்பது அல்அன்ஃபாலின் 61ஆம் வசனம். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில், தோழர்களுக்கே கசந்த நிபந்தனைகளை ஏற்று நபியவர்கள் உடன்படிக்கை செய்தார்கள்.

இந்த அளவுகோலால் 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதைக் கண்டிக்கிறோம். அதே அளவுகோல்தான் 2019 ஏப்ரல் 21க்கும். அன்று மூன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் எமது மாவட்டத்து வண்ணாத்திவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டிருந்தன. அவர்களுக்கும் எமக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. இந்த எல்லைகளை எமது பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தோமா என்று எம்மையே கேட்க வேண்டும். ஆசிரியனான நானும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

மாணவிக்கு நான் அளித்த பதில் அல்மாஇதாவின் 8ஆம் வசனத்திலிருந்து: ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்யக் கூடாது. “உம்மும்மாவின் துயரை மறக்க வேண்டாம், மகள். அவர் இழந்த காணியைச் சட்டப்படி கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அதைச் செய்யாத ஒரு தமிழ்ப் பிள்ளை மீது அந்தக் கோபத்தைக் காட்டினால், உம்மும்மாவுக்கு நடந்த அதே அநியாயத்தை நீங்களும் செய்தவராவீர்கள்.”