முதலில் விழுந்த கேட்டலினா

1942 ஜனவரியில் ஜோகூரின் யோங் பெங் ஒரு முச்சந்தி. அவ்வளவுதான் அதன் பெருமை. மேற்குக் கரையிலிருந்து வரும் சாலை, சிகாமட்டிலிருந்து இறங்கும் பெருஞ்சாலையோடு இங்கே சேர்கிறது. ஜப்பானியர் இதைப் பிடித்துவிட்டால் சிகாமட் பக்கம் நின்ற படைகள் திரும்ப வழியில்லை. அதற்காகத்தான் அந்த மேற்குச் சாலையில் இருக்கும் பாரிட் சூலோங்கில் அத்தனை உயிர்கள் போயின.

அதே ஜனவரியில், உலகின் மறுபக்கத்தில், அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் 500,000 மர விமானங்கள் கேட்டது. விளையாட்டுக்கல்ல. அசலில் 72-இல் ஒரு பங்கு, மேலே கறுப்புச் சாயம். 35 அடி தள்ளி நின்று பார்த்தால், அரை மைல் தொலைவில் நிஜ விமானம் பறப்பதுபோல் தெரியும். வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று நிழலுருவைக் கண்டே சொல்லப் பீரங்கிக்காரர்கள் இதில் பழகினார்கள்.

நம் கடலில் அந்தக் கேள்வியை முதலில் சந்தித்தது ஒரு ரோந்து விமானம். 1941 டிசம்பர் 7. ஜப்பானியக் கப்பல் அணியைத் தேடி, சிங்கப்பூர் செலேத்தாரிலிருந்து சயாம் வளைகுடாவுக்குப் போனது பாட்ரிக் பெடல் ஓட்டிய கேட்டலினா என்ற பறக்கும் படகு. எட்டுப் பேர். ஜப்பானியப் போர் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தியபோது கோத்தா பாருவில் யாரும் கரையிறங்கவில்லை; பேர்ல் ஹார்பர் அமைதியாக இருந்தது. அவர்கள் தேடிப்போன கப்பல்கள் கொண்டுவந்த போர்தான் ஆறு வாரத்தில் யோங் பெங் வாசலுக்கு வந்தது.

அந்த விமானம் 205-ஆவது படைப்பிரிவைச் சேர்ந்தது. 1927 அக்டோபரில் பிளைமவுத்திலிருந்து கிளம்பிய நான்கு சவுத்தாம்டன் பறக்கும் படகுகள் மறு பிப்ரவரியில் செலேத்தாரில் இறங்கின. 1929-இல் அவற்றைக் கொண்டு மீண்டும் அமைக்கப்பட்டதுதான் 205. ஆங்கிலேயப் படைதான், ஆனால் அதன் முழக்கம் மலாய்: 'பெர்த்தாமா டி மலாயா', மலாயாவில் முதலாவது. சின்னத்தில் திரிசூலத்தோடு ஒரு கிரிஸ். சிங்கப்பூர் விழுந்தபின் கலைந்து, இலங்கையின் கொக்கலையில் மீண்டும் கூடியது. போருக்குப் பின் வந்த அவசரகாலத்தில் இதே பிரிவின் சண்டர்லாண்ட் பறக்கும் படகுகள் மலாயாக் காடுகள்மேல் குண்டு போட்டன. கடலுக்கென்று செய்த விமானத்துக்குக் காட்டில் என்ன வேலை என்று அன்றைக்கு யார் கேட்பது!

இப்போது இந்தப் பறக்கும் படகுகளை மகோகனியில் செதுக்கி விற்கிறார்கள். பிலிப்பீன்ஸில் பம்பாங்கா பக்கம் இது நல்ல தொழில். கேட்டலினாவின் சிறகு உடலில் ஒட்டாது. நடுவே ஒற்றைத் தூணில் நிற்கும். செதுக்குபவருக்கு அங்கேதான் பயம், மரம் அங்கேதான் முறியும். ஆனால் என் கண் முதலில் வயிற்றுக்குத்தான் போகும். பறக்கும் படகின் அடியில் ஒரு படி வெட்டு இருக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பாகத்தைக் கவ்விக்கொள்ளும், மேலெழவே விடாது. அலமாரியில் வைக்கும் பொம்மையை யார் கவிழ்த்துப் பார்க்கப்போகிறார்கள் என்று சிலர் அந்த வெட்டை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுகிறார்கள். வார்னிஷ் மின்னுகிறது. அந்தப் படகு தண்ணீரைவிட்டு எழும்பாது.

செலேத்தாரின் கடைசி சண்டர்லாண்ட் 1959 மே மாதம் பறந்தது. 1971 அக்டோபரில் படைப்பிரிவே கலைக்கப்பட்டது. பெடலின் பெயர், உடல் கிடைக்காதவர்களின் பெயர்களோடு, கிராஞ்சி நினைவிடத் தூணில் இருக்கிறது. அவர் விமானத்தை யாராவது செதுக்கினால் பக்கவாட்டில் எழுதவேண்டிய எழுத்துகள்: எஃப், வி, பிறகு ஒய்.